நாலுபல்லாரும் துண்டுக்கடியில் நடந்த பேரமும்

வாயைக் காட்டாமலேயே ஒரு பல் மருத்துவரைத் தோற்கடிக்க முடியும் என்று நிரூபித்த ஆள், எனக்குத் தெரிந்து கொங்குச் சீமையிலேயே நாலுபல்லார் ஒருத்தர்தான். முதல் நாள் என் நாற்காலியில் முக்கால் மணி நேரம் சாய்ந்திருந்தார். அதற்குள் என் வயதைச் சொன்னார், என் உதவியாளர் பாத்திமாவின் வயதைச் சொன்னார், வெளியே காத்திருந்த ஆறு பேரின் வயதையும் சொன்னார். சுவர்க் காலண்டரில் இருந்த பசுவுக்கு மட்டும் சொல்லவில்லை. அது வாயை மூடிக்கொண்டிருக்கிறதாம். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்று நான் பரிசோதித்தது அவருடைய மீசையை மட்டும்தான்.

அவருடைய உண்மைப் பெயர் என் பதிவேட்டில் இருக்கிறது. நோயாளியின் பெயரை ஊருக்குச் சொல்வது முறையில்லை என்பதால் சந்தையில் அவருக்கு வைத்த பெயரையே இங்கே எழுதுகிறேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "என்னயப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்குங்க அம்மணி. மாட்டப் பத்தித் தப்பா எழுதிப்போடாதீங்க, சந்தையில தலை காட்ட முடியாது" என்றார். எனவே மாட்டு விஷயங்களை அவரிடமே படித்துக் காட்டிச் சரிபார்த்துவிட்டேன்.

காங்கேயம் பக்கத்தில் அவர் மாட்டுத் தரகர். மாட்டுக்குக் கீழ்த்தாடையில் முன்பக்கம் எட்டுப் பல். பால்பல் விழுந்து நிலைப்பல் ஜோடி ஜோடியாக முளைக்கும். ரெண்டு பல் போட்டால் இளசு, நாலு பல் என்றால் நல்ல பருவம், ஆறு என்றால் வேலைக்குத் தயார், எட்டும் சேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் தேய்மானக் கணக்குத்தான். இந்தக் கணக்கை அவர் மாட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. உலகம் முழுவதற்கும் வைத்துவிட்டார். ஏறி வந்த பஸ் நாலு பல். மகன் வீட்டு மிக்ஸி எட்டுப் பல். புதிதாக வந்த கலெக்டர் ரெண்டு பல். அவருக்குப் பிடித்துப்போன எதுவும் நாலு பல்லுதான் என்பதால் சந்தையில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

போத்தனூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது என் கிளினிக். கீழே அவர்கள் தேங்காய் பன் விற்கிறார்கள், மேலே நான் அதன் விளைவுகளைப் பார்க்கிறேன். ஈறு நோய்தான் நான் தனியாகப் படித்த படிப்பு. பொறுமை கம்மி என்று என்னைப் பற்றிப் பொதுவாக ஒரு பேச்சு உண்டு. பொய் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு நாலுபல்லார் பாத்திமாவைப் பார்த்து, "இந்தக் கண்ணு ரெண்டு பல்லு" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க ஆறு பல்லு சேந்துட்டீங்க அம்மணி" என்றார். பாத்திமா ஒரு வாரம் சிரித்தாள். நான் கண்ணாடி பார்ப்பதை ஒரு வாரம் தவிர்த்தேன்.

அவர் எழுந்து போனதற்குக் காரணம் நான்தான். வாயைத் திறங்க, திறங்க என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை வைத்துக் கீழுதட்டை இழுத்தேன். அடுத்த நொடி என் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது. வலிக்கவில்லை, ஆனால் அசைக்கவும் முடியவில்லை. அறுபத்தெட்டு வயது மனிதரின் பிடி அது.

"அப்படிப் புடிக்காதீங்க அம்மணி. ஒதட்டை இழுத்துப் பல்லுப் பாக்கறது விக்கறதுக்குங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அவர் படி இறங்கிய பிறகு அவர் மகன் தனியாக வந்து உட்கார்ந்தார். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் வேலை, போத்தனூரில் இரண்டாவது மாடியில் குடியிருப்பு. அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். ஈறு வீங்கி, பல் ஆட ஆரம்பித்து, எதையும் மெல்ல முடியாமல் வாழைப்பழத்தையும் டீயையும் வைத்தே பல மாதம் ஓட்டியிருக்கிறார். உடம்பில் சர்க்கரை ஏற்கெனவே உண்டு, அது ஏறிப்போய், மாடு கட்டும் கட்டுத்தறியில் மயங்கி விழுந்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துத் தூக்கியிருக்கிறார்.

"வாயி சரியாகி, மென்னு சாப்புட்டு, சக்கரை அடங்குச்சுன்னா ஊருக்குப் போகட்டுமுங்க. இல்லீன்னா இனிமே எங்கூடத்தான். சொல்லிப்போட்டனுங்க" என்றார் மகன்.

"அவர் என்ன சொன்னார்?"

"மாட்டப் பாத்துக்கற ஆளுக்குப் போன் போட்டு, நான் வாரவரைக்கும் கன்னுக்குட்டியை யாருக்கும் காட்டாதேன்னு சொன்னாரு."

ஆக, அவர் ஊருக்குப் போவதா வேண்டாமா என்பது அந்த வாய்க்குள்தான் இருந்தது. அந்த வாயைத்தான் அவர் திறக்க மாட்டேன் என்கிறார்.

மறுவாரம் அவராகவே வந்தார். நாற்காலியில் சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, "நானே தொறக்கறனுங்க" என்று திறந்தார். நான் பார்த்தேன். ஈறு முழுக்கச் சிவந்து, உப்பி, தொட்டால் ரத்தம். பல்லின் அடியில் காரை கல்லாக இறுகியிருந்தது. வெற்றிலையும் புகையிலையும் நாற்பது வருஷம் உள்ளே குடியிருந்ததற்கான அத்தாட்சி எல்லாமே இருந்தது.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பை மாதிரி ஓர் இடைவெளி விழும். அது எவ்வளவு ஆழம் என்று மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை வைத்து அளப்போம். மூன்றுக்குள் இருந்தால் நல்லது. நான் அளந்து சொல்லச் சொல்ல பாத்திமா எழுதுவாள்.

"நாலு, ஆறு, ஏழு. அடுத்தது அஞ்சு, ஏழு."

நாலுபல்லார் கையைத் தூக்கினார். வலிக்கிறது போல என்று நிறுத்தினேன்.

"ஏழு கெடையாதுங்களே" என்றார்.

"என்னது கெடையாது?"

"ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. பல்லு ஜோடியாத்தானுங்க வரும். ஏழு பல்லுன்னு எந்தச் சந்தையிலயும் சொல்ல மாட்டாங்க. அம்மணி புதுசா எண்ணறீங்களா?"

பாத்திமா பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் விளக்கினேன். விளக்கும்போதே அவருக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது, முகம் மாறியது. ஏழு என்பது வயது இல்லை, வேர் பிடிப்பு விட்டுப்போன ஆழம். அப்படி நாலு பல் சந்தேகத்தில் இருந்தன. கீழே முன்பக்கம் இரண்டு, மேலே முன்பக்கம் ஒன்று, மேல் கடவாயில் ஒன்று.

"இதுல எத்தனை நிக்குமுங்க?"

"இப்ப சொல்ல முடியாது. ஈறுக்கு அடியில இருக்கற காரையை வேர் வரைக்கும் சுரண்டி எடுக்கணும். அப்புறம் ஆழமா இருக்கற பையில மட்டும் கிருமியை அடக்கற ஜெல் வெக்கணும். நீங்களும் ஒழுங்கா இருக்கணும். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும்."

"மேல முன்பல்லு போனாப் போகட்டுமுங்க" என்றார் தாராளமாக. "மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாது. அது வாழலீங்களா? ஆனா கீழ் ரெண்டும் நின்னாகணும்."

இது சலுகை கொடுத்துப் பேரம் ஆரம்பிக்கிற விதம் என்று எனக்கு அப்போது தெரியாது. தோளில் இருந்த துண்டை எடுத்தார், என் வலது கையின் மேல் போட்டார், தன் கையை உள்ளே விட்டார். சந்தையில் விலை பேசுவது இப்படித்தான். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன். கையுறையோடு அதில் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்ததில்லை.

என் நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தார். நாலு பல்லும் நிற்க வேண்டுமாம். நான் தலையாட்டி மறுத்து, அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். மறுபடி நாலு. மறுபடி இரண்டு. வெளியே ஒரு அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு வேறு பல்லைப் பிடுங்குகிற வேலை இருந்தது. "மூணு" என்று மூன்று விரலைப் பிடித்து, "ஆனா புகையிலையை விடணும்" என்றேன்.

"வாயில பேசாதீங்க அம்மணி. பேரம் கெட்டுப்போயிரும்" என்றார்.

புகையிலைக்குத் துண்டுக்கடியில் எப்படிச் சைகை காட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து பாத்திமாவின் மேஜையில் வைத்தார். பேரம் முடிந்தது. "எத்தனைக்கு முடிஞ்சுது டாக்டர்?" என்று பாத்திமா கேட்டாள். "துண்டுக்கடியில பேசுனதை வெளிய கேக்கக் கூடாது கண்ணு" என்று அவர் பதில் சொன்னார்.

இரண்டு தவணையாகச் சுத்தம் செய்தேன். மரத்துப்போக ஊசி போட்டு, முதலில் மிஷின், பிறகு கைக்கருவி. மிஷின் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டாரே தவிர முனகவில்லை. இடைவேளையில் எழுந்து உட்கார்ந்து, எடுத்த காரையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டார், சந்தையில் காட்டுவதற்காம். அந்த இடைவேளைகளிலும் தொழில் நிற்கவில்லை. வாட்ஸப் வீடியோவில் யாரோ ஒரு மாட்டின் வாயைக் காட்டுவார்கள். மரத்துப்போன உதட்டோடு இவர், "நாக்க ஓரமா இழுத்துப் புடிப்பா, வெளிச்சத்துக்குத் திருப்பு" என்று உத்தரவு போடுவார். ஒரு நாள் ஒரு வியாபாரியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். மாட்டுக்கு உப்பு வைத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவிட்டு, கொழுத்த மாடு மாதிரி நிறுத்தியிருக்கிறானாம். "ஊதுனது எல்லாம் சதையாடா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

கடைசியில் ஜெல் வைத்தேன். முனை மழுங்கிய ஊசியில் எடுத்து, பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவருக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது.

"இந்தக் களிம்பை மொதல்லயே வெச்சிருந்தா இத்தனை தோண்டியிருக்க வேண்டாமுங்களே?"

இந்தக் கேள்வியைத் தினமும் யாராவது கேட்கிறார்கள். படித்தவர்கள் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அவரிடம், "கட்டுத்தறியில சாணி அள்ளாம மருந்து தெளிச்சா நோவு போகுமுங்களா?" என்றேன்.

"போகாதுங்க."

"அள்ளிப்போட்டுத் தெளிச்சா?"

"மூலை முடுக்குல இருக்கறதும் அடங்குமுங்க. அதுவும் தினம் அள்ளணும். ஒரு நாள் விட்டாப் பழையபடி ஆயிரும்." சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். "சேரிங்க. வெய்யுங்க" என்றார். ஐந்து வருஷம் பாடம் படித்து நான் தெரிந்துகொண்டதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஜெல் கைகொடுக்கும், ஆனால் சுத்தம் செய்ததற்கு மேல் கொஞ்சம்தான் கொடுக்கும், அதை மட்டும் நம்பினால் ஒன்றும் நடக்காது.

"வாயை அலட்டிக்காதீங்க. இன்னிக்கு அந்த எடத்துல பிரஷ் போட வேண்டாம், பத்து நாளைக்குக் குச்சி விட்டுக் குத்தக் கூடாது, கடினமா எதையும் கடிக்கக் கூடாது" என்று அனுப்பினேன். மூன்றாம் நாள் மகன் போன் செய்தார்.

"டாக்டருங்க, அப்பா ரெண்டு நாளாப் பேசவே இல்லீங்க. கேட்டாக் கையைக் காட்டறாரு. பக்கவாதமா இருக்குமுங்களா?"

உடனே கூட்டி வரச் சொன்னேன். வந்தார், நன்றாக நடந்து. பாத்திமா நீட்டிய காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'அலட்டக் கூடாதுன்னு சொன்னீங்க.' இரண்டு நாளும் மாட்டு வியாபாரத்தை முனகலிலேயே நடத்தியிருக்கிறார். ஒரு முனகல் என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம். ஒரு ஜோடிக் காளை அதிலேயே கைமாறிவிட்டதாம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எல்லாம் நன்றாகப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஆள்களுக்கே உரிய ஒழுங்கோடு காலையும் மாலையும் பல் விளக்கினார், புகையிலையைத் தொடவில்லை, மருமகள் சோற்றைக் குழைத்துக் கொடுத்தால் குழைக்காமல் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு நாள் மதியம் போன் வந்தது.

"அம்மணி, என்னயக் கெழடாக்கிப்போட்டீங்க" என்றார். உடனே வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து வரச் சொன்ன நாளில் வரவில்லை. மகன் மட்டும் வந்தார். விஷயம் அப்போதுதான் தெரிந்தது. வீக்கம் வடிந்ததும் ஈறு சுருங்கிவிட்டது. சுருங்கினால் பல் நீளமாகத் தெரியும், பல்லுக்குப் பல் சந்து விழுந்த மாதிரி தெரியும், ஈறு மூடியிருந்த பல்லின் கழுத்து தெரியும். ஈறு ஆறிவிட்டது என்று எனக்கு அதுதான் அடையாளம். நாற்பது வருஷம் மாட்டு வாயைப் பார்த்த கண்ணுக்கு அது வேறொரு அடையாளம். கழுத்து தெரிந்து சந்து விழுந்த பல் கிழட்டு மாட்டினுடையது. அவர் கண்ணாடியில் பார்த்து, தனக்குத் தானே வயது சொல்லி, தன்னைக் கழித்துவிட்டிருக்கிறார். ஊருக்குப் போகிற பேச்சையே எடுப்பதில்லை, வீடியோ வந்தால் எடுப்பதில்லை, பால்கனியில் உட்கார்ந்து ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"மடையன்" என்று வாய் வரை வந்தது. நோயாளியின் மகன் எதிரில் இருந்ததால் விழுங்கினேன். "கூட்டிட்டு வாங்க, நான் சொல்றேன்" என்றேன்.

மகன் எழுந்திருக்கவில்லை. மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"டாக்டருங்க, தப்பா நெனைக்காதீங்க. அவரே பல்லு போச்சுன்னு நெனச்சுட்டாரு. நீங்களும் ஆமாங்க, நிக்காதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா இங்கயே இருந்துக்குவாரு. அன்னிக்குத் தோட்டத்துக்காரரு பாக்கலீன்னா அவரு அங்கயே கெடந்திருப்பாரு. எனக்கு அந்த நெனப்புலயே தூக்கம் இல்லீங்க."

கோபப்பட வேண்டும் என்று முயன்றேன், வரவில்லை. அந்தப் பையன் சொத்துக்காகக் கேட்கவில்லை, சோம்பலுக்காகக் கேட்கவில்லை. அப்பா சாகக் கூடாது என்று கேட்கிறான். எனக்கும் பொள்ளாச்சியில் தனியாக ஒரு அப்பா இருக்கிறார். ஒரு வார்த்தைதான். பொய் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருடைய கண்ணே அதற்குச் சாட்சி சொல்லும். அன்று முழுவதும் அந்த வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் வந்தார். இளைத்திருந்தார். பாத்திமாவைப் பார்த்து வயது சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து, வழக்கம்போலத் தானாகவே வாயைத் திறந்தார். நான் கம்பியை எடுத்தேன். மகன் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசங்க அம்மணி" என்று எழுந்து உட்கார்ந்தார். "நான் வாயப் பாத்துச் சொன்ன சொல்லுல எத்தனையோ உசுரு காட்டு உழவுக்குப் போயிருக்கு, எத்தனையோ கறிக்கு லாரி ஏறியிருக்குங்க. வித்தவன் அழுதிருக்கான். ஆறு பல்லுன்னு சொல்லீருங்கண்ணான்னு கையப் புடிச்சிருக்கான். ஒருக்காலும் மாத்திச் சொன்னதில்லீங்க. சொன்னா அப்புறம் என் கண்ணுக்கு என்ன மரியாதை? நீங்களும் பாத்தது பாத்தபடி சொல்லிப்போடுங்க. பையன் மூஞ்சியப் பாக்காதீங்க."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதவோரம் நின்ற மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

அளந்தேன். "மூணு, ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தது. கீழ் முன்பல் இரண்டும் ஏழிலிருந்து மூன்றுக்கும் நாலுக்கும் வந்திருந்தன, ஆட்டம் பாதிக்குமேல் குறைந்திருந்தது. மேல் முன்பல் நாலு. ரத்தம் எங்கேயும் கசியவில்லை. கடவாய்ப் பல் மட்டும் ஏழிலேயே நின்றது, அதைக் காப்பாற்ற முடியாது. பாத்திமா எழுத எழுத அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். கம்பியைத் தட்டில் வைத்தேன்.

"ஒண்ணு போயிருச்சுங்க. மூணு நிக்குது. நல்லா மென்னு சாப்பிடலாம்" என்றேன்.

"கழுத்து தெரியுதுங்களே அம்மணி."

"வீக்கம் வடிஞ்சதால தெரியுது. நீங்க மொத நாள் வந்தப்பத் தெரியல, ஏன்னா ஈறு ஊதிப்போய் மறைச்சிட்டு இருந்துச்சு. உப்பும் தண்ணியும் வெச்சு வயித்தை ரொப்பி நிறுத்தின மாட்டை அன்னிக்கு வீடியோவுல பாத்தீங்களே, உங்க ஈறு அந்த மாதிரி நின்னுட்டு இருந்துச்சு. இப்பத்தான் உண்மையான உடம்பு தெரியுது."

கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். உதட்டைத் தானே இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழ் முன்பல்லை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "ஊதுன மாட்டப் பாத்து நானே ஏமாந்துபோட்டனுங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க, பொழப்புப் போயிரும்" என்றார்.

அந்த வாரமே கடவாய்ப் பல்லை எடுத்தேன். சர்க்கரை டாக்டரும் சரி என்றார். சிங்காநல்லூரில் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். மகன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. பேக்கரியில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைப்பார். அதில் நியாயம் இருந்ததால் எனக்கு உறுத்தியது.

ஈறு நோயை ஒரேயடியாகத் தீர்த்துவிட முடியாது, அடக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருந்தேன். சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். கம்மங்களி சாப்பிடுவதாகச் சொன்னார், கடலையை வறுத்தே சாப்பிடுவதாகச் சொன்னார். ஒரு தடவை ஓர் இடத்தில் ஐந்து காட்டியது. சுரண்டி, மறுபடி ஜெல் வைத்தேன். "இந்தப் பக்கம் அள்ளறதுல கொஞ்சம் சோம்பல் பட்டுட்டனுங்க" என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் படியேறி வரும் சத்தம் கேட்கிற வரைக்கும் அந்த நாள்களில் எனக்கு வேலை ஓடாது. அவர் அங்கே தனியாக இருப்பது என் வார்த்தையால்தானே.

போன மாசித் தவணைக்கு அவர் வரவில்லை.

பத்து மணிக்கு வர வேண்டியவர். பதினொன்றுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு எடுக்கவில்லை. கட்டுத்தறிதான் கண் முன்னால் வந்தது. அதுவரை என்னிடம் பேசாத மகனை நானே கூப்பிட்டேன். "எனக்கும் எடுக்கலீங்க" என்றார். அரை மணி நேரத்தில் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு காங்கேயம் கிளம்பிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். பாத்திமா மற்ற நோயாளிகளை வேறு நாளுக்கு மாற்றினாள். டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள், நான் தொடாததால் மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அவர் இந்நேரம் பால்கனியில் ரயில் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எத்தனை தடவை நினைத்தேன் என்று தெரியவில்லை.

மூன்றேகால் மணிக்கு அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. காலையில இருந்து மாடு கன்னு போட நின்னுச்சுங்க, நகர முடியல. போனைக் கூரைச் சந்துல சொருகி வெச்சது மறந்துபோச்சு. பையன் வந்து எடுத்துக் குடுத்தான். காளைக்கன்னுங்க, செவலை நெறம். பையன்தான் தொடச்சுட்டு இருக்கான். நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வாரனுங்க."

போனைக் கையால் பொத்திக்கொண்டேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

"ஏனுங்க அம்மணி, லைன்ல இருக்கீங்களா? சாப்புட்டீங்களா?"

"சாப்பிட்டனுங்க" என்றேன்.

அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.